மலை சரியும் முன்

1918 செப்டெம்பர் 13. நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊருக்குப் பக்கத்தில், நாள்கணக்கில் பெய்த மழையில் ஊறிப்போயிருந்த ரயில் பாதையின் மண்மேடு வழுக்கிச் சரிந்தது. வந்துகொண்டிருந்த ரயில் கவிழ்ந்து 41 பேர் செத்தார்கள். இலங்கையின் கலவானைப் பகுதியில் தோட்டப் பாடசாலை ஒன்றில் புவியியல் படிப்பிக்கும் நான், மண்சரிவுப் பாடத்தை இந்த விபத்திலிருந்துதான் தொடங்குவேன். மலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத நாட்டிலும் மண் சரிந்து ஆள் சாகும் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஏன் சரிந்தது என்று ஆராய அங்கே ஒரு குழு போட்டார்கள். மண்ணுக்குள் தண்ணீர் ஏற ஏற, மண் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம் கூடுகிறது. துணிக்கைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும் பலம் குறைகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் மேடு தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் இறங்கிவிடுகிறது. இதை அளந்து படிக்க 1934இல் டெல்ஃப்ட் நகரில் மண் பொறியியல் ஆய்வுகூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது இன்றும் நிற்கிறது. 2008இல் நீரியல் ஆய்வுகூடத்தோடு சேர்ந்து டெல்டாரெஸ் என்ற பெரிய நிறுவனமாகிவிட்டது. விபத்து நடந்து நூறு வருசம் கடந்தும் அந்தக் கேள்வியை அவர்கள் கைவிடவில்லை. எனக்கு அந்த நாட்டின் மேல் மரியாதை வந்தது இதனால்தான்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2017 மே 25, 26ஆம் திகதிகளில் கலவானைக்கு அருகே குக்குலே கங்கைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினால் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அன்று பெய்தது அந்தக் கடைசி அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இரத்தினபுரி மாவட்டம் முழுவதும் மலைகள் கழன்று விழுந்தன.

அந்த நிறுவனம் 1984இல் அமைந்தது. 1986இலும் 1989இலும் வந்த பெரும் மண்சரிவுகளுக்குப் பிறகு, 1990இல் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு மலைநாட்டுக்கு அபாய வரைபடம் போடத் தொடங்கினார்கள். முதலில் பதுளை, நுவரெலியா. பிறகு இரத்தினபுரி, கேகாலை. சரிவின் கோணம், அடியிலுள்ள பாறை, மேலுள்ள மண்ணின் ஆழம், நீரோட்டம், நிலப் பயன்பாடு, நிலத்தின் வடிவம் ஆகியவற்றைத் தனித்தனியே வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கொடுத்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எங்கே அதிகமோ அங்கே ஆபத்தும் அதிகம்.

இந்த வகை வேலையை உலகத்துக்குப் படிப்பித்த இடங்களில் முக்கியமானது நெதர்லாந்தின் ஐ.ரீ.சி. முன்னாள் பிரதமரும் நில அளவைப் பேராசிரியருமான ஸ்கெர்மர்ஹோர்ன் 1950இல் தொடங்கியது. இப்போது என்ஸ்கெடே நகரில் ட்வென்டே பல்கலைக்கழகத்தோடு இருக்கிறது. வளரும் நாடுகளின் உத்தியோகத்தர்களுக்கென்றே உருவான இடம் அது. இலங்கை நில அளவையாளர்களும் அங்கே போய்ப் படித்து வந்திருக்கிறார்கள். அங்குள்ள கேஸ் வான் வெஸ்டன், மண்சரிவு அபாயத்தைக் கணினியில் கணக்கிடும் பயிற்சி நூலை 1990களில் தயாரித்தபோது எடுத்துக்கொண்ட உதாரணம் கொலம்பியாவின் சின்சினா பகுதி. கோப்பித் தோட்ட மலைகள். நம் தேயிலை மலைகளுக்கு உறவுமுறை என்று சொல்லலாம். ஐ.ரீ.சி. உருவாக்கிய இல்விஸ் என்ற வரைபட மென்பொருள் 2007 முதல் யாருக்கும் இலவசம்.

ஆக, அறிவுக்குப் பஞ்சமில்லை. 1:10,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது தரையில் நூறு மீற்றர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும், முப்பது மீற்றர் நீளமான லயன் ஒன்று அதில் 3 மில்லிமீற்றர் கோடு. அந்தக் கோடு ஆபத்தைக் காட்டும் சிவப்பு நிறத்துக்குள் விழுகிறதா என்று பார்க்க முடியும். பார்த்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நாங்கள் இன்னும் நிற்கிறோம்.

பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறோம். காலை எட்டரைக்குப் பிள்ளைகள் அளவைப் பார்த்துக் கரும்பலகையின் மூலையில் எழுதுவார்கள். ஒரு மழை நாளில் 110 என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிப்போக வந்த அக்கா ஒருவர் கேட்டார்: “கெளம்பணும்னா கெளம்புறோம் சேர். எங்க போறது? நாளைக்கு மலைக்குப் போகலன்னா பேர் விழாதே.” பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அவர் வீட்டுக் கதவு கொஞ்ச நாளாக நிலையில் இறுகி மூட மறுக்கிறதாம். அதுவும் மண் அசைவதன் அடையாளம்தான். அவர் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டபோதும் நடந்தது இதுதான். அங்கே ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை கிடைத்தது, போய் இருக்க நிலம் கிடைக்கவில்லை.

இதற்கு மாறாக, நெதர்லாந்தில் ஆற்றுக்கு இடம் விடும் திட்டம் வந்தபோது, ஓவர்டீப் என்ற தாழ்நிலத்து விவசாயிகள், எங்களை இங்கேயே மேடு கட்டி உயரத்தில் குடியேற்றுங்கள் என்று தாங்களே யோசனை சொன்னார்கள். அரசு கட்டிக் கொடுத்தது. அவர்கள் நிலத்தின் சொந்தக்காரர்கள். அதனால் பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருந்தது. பாட்டன் காலத்திலிருந்து இருக்கும் லயன் அறையான காம்பரா கூட நம்மவர் பலருக்கு இன்னும் சொந்தமில்லை. அபாய வரைபடத்தில் சிவப்பு விழுந்த ஒவ்வொரு லயனுக்கும், பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு காணி தரவேண்டும். அதில்லாமல் எந்த ஆராய்ச்சியும் இங்கே பாதி வேலைதான்.

அதுவரை தோட்டத்து உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். மேலே மலையில் புது வெடிப்பு தெரிந்தால், மரமோ மின்கம்பமோ சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினால் அல்லது நின்றுபோனால், பேர் விழுமா என்று பார்க்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே விலகுங்கள். கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் அழையுங்கள்.