கரும்புக் காட்டுக்குள் விமான நிலையம்!

விருத்தாசலம் சந்திப்பில் நின்றால் நான்கு பக்கமும் ரெயில் உண்டு. விழுப்புரம் போகலாம், திருச்சி போகலாம், கடலூருக்கும் சேலத்துக்கும் போகலாம். ஒரு பாதை அடைபட்டால் இன்னொரு பாதையில் சுற்றிக்கொண்டாவது ஊர் போய்ச் சேரலாம்.

அந்த வசதி இல்லாத நாடு ஒன்று இருக்கிறது. அதுதான் மொரீசியஸ்! ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்துமாக் கடலில் கிடக்கும் சின்னஞ்சிறு தீவு. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஒரே ஒரு வாசல்தான். அது விமான நிலையம்.

திரும்பாத பயணம்

அந்தத் தீவு தமிழர்களுக்குப் புதிது அல்ல. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே புதுச்சேரியில் இருந்து கைத்தொழிலாளர்கள் அங்கே போனார்கள். 1834-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவில் இருந்து லட்சக்கணக்கானவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றினார்கள். அவர்களில் தமிழர்களும் ஏராளம்.

வாரக்கணக்கில் கடல் பயணம். நோய்நொடியில் வழியிலேயே இறந்தவர்களும் உண்டு. போர்ட் லூயி துறைமுகத்தில் 16 கல் படிகள் ஏறிக் கரை சேர்ந்தார்கள். ஊர் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர்! அந்த இடத்தை 2006-ம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

ஆறு பேர் விமானம்

தீவுக்கு முதல் விமானம் வந்தது 1933-ல். பக்கத்து ரீயூனியன் தீவில் இருந்து பறந்து வந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர் மூண்டது. அந்தப் போர்க் காலத்தில், பிளசான்ஸ் என்ற இடத்தில் விமானத் தளம் அமைத்தார்கள். சுற்றிலும் கரும்புக் கொல்லை! இன்றைக்கும் விமானம் தாழ இறங்கும்போது ஜன்னல் வழியே கரும்புதான் தெரியும்.

நாட்டின் சொந்த நிறுவனமான ஏர் மொரீசியஸ் 1967-ல் தொடங்கியது. சுதந்திரம் கிடைத்ததோ மறு ஆண்டுதான்! ஆனால் பறக்க விமானம் இல்லை. 1972-ல்தான் ஒரு விமானம் வாடகைக்குக் கிடைத்தது. அதில் ஆறே இருக்கைகள். நம் ஊர் வாடகைக் காரைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே! நாட்டின் மற்றொரு தீவான ரோட்ரிக்ஸுக்கு அது போய் வந்தது.

அதே பிளசான்சில் 2013-ல் புதிய கட்டடம் திறந்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில், துபாயில் இருந்து எமிரேட்ஸ் நிறுவனத்தின் இரண்டு மாடி விமானம் வந்து இறங்கியது!

வாசல் அடைபட்டது

2020-ல் கொரோனா வந்தது. மார்ச் மாதம் வாசலை மூடினார்கள். ஏர் மொரீசியஸ் நிறுவனமும் நொடித்து, ஏப்ரலில் அதன் நிர்வாகம் வெளியார் கைக்குப் போனது. ஓட்டல் தொழிலாளி, டாக்சிக்காரர், கடைக்காரர் என்று சுற்றுலாப் பயணிகளை நம்பியவர்கள் கையைப் பிசைந்தார்கள். வாசல் முழுதாகத் திறந்தது 2021 அக்டோபர் 1-ந் தேதிதான்.

விருத்தாசலத்தில் ரெயில் ஏறிச் சென்னை போய், அங்கே நேர் விமானம் உள்ள நாளில் ஏறினால் ஆறேழு மணி நேரத்தில் மொரீசியஸ்! இறங்கியதும் பணம் மாற்ற வேண்டும். கைக்கு வரும் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும்!

1998-ல் வெளியான நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சடித்து விட்டார்கள். படி ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரே எதிர்ப்பு! அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தமிழைப் பழைய இடத்திலேயே வைத்து அச்சடித்தார்கள்.