குப்பை மாற்று நிலையம்: போகுமுன் பிரிப்போம்



போகி வந்தால் வீட்டைக் கழுவிப் பழசையெல்லாம் கழிக்கிறோம். கொல்லையில் முருங்கைக் கிளை, தென்னை மட்டை, வேப்பஞ்சருகு. சுவர் பூசினால் சிமெண்ட் உடைசல். எல்லாத்தையும் ஒரே சாக்குல கட்டித் தெருமுனைத் தொட்டியில போட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். அதுக்கப்புறம் அது எங்கே போகுது?

நம் சென்னையில், தெருக்களில் சேரும் குப்பை சின்ன வண்டிகளில் மாற்று நிலையத்துக்கு வருகிறது. அங்கே பெரிய லாரிக்கு மாற்றி அனுப்புகிறார்கள். நாம் பஸ் மாறுகிற இடம் மாதிரிதான். குப்பை அங்கே தங்காது. பிரித்து வந்தது உரமாகவோ, மறுபயன்பாட்டுக்கோ போக வழி உண்டு. கலந்து வந்ததில் பெரும்பங்கு கிடங்குக்குத்தான். மக்கும் குப்பை மூடிக் கிடந்தால் எரியும் வாயு உண்டாகும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கில் பிடித்த தீயை அணைக்கப் பல நாள் ஆனது. அந்தப் புகையைச் சுவாசித்தது சுற்றியிருந்த குடும்பங்கள்.

எப்படிப் பிரிப்பது?

1. இலை, சருகு: தனிச் சாக்கில் கட்டுங்கள். பிளாஸ்டிக் கவர் கலக்க வேண்டாம். இடமிருந்தால் வீட்டிலேயே குழி போடலாம். காய்கறிக் கழிவின் மேல் ஒரு பிடி சருகு தூவினால் வாடை வராது.

2. கிளை, மட்டை: சின்னதாக வெட்டிக் கட்டாகக் கட்டுங்கள்.

3. கல், ஓடு, சிமெண்ட்: இவை மக்காது. சருகோடு சேர்ந்தால் உரமும் கெடும், அரவை எந்திரத்தின் பிளேடும் உடையும். தனி மூட்டையாக வைத்து, எடுத்துப் போக மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள்.

4. உடைந்த கண்ணாடி, ஊசி, பிளேடு: கெட்டித் தாளில் சுற்றி, மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள். பேட்டரி, பல்பும் தனியே.

சருகுதானேன்னு தெருவில் கொளுத்துவதும் வேண்டாம். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே அதைத் தடை செய்தன. புகை முதலில் போவது நம்ம பிள்ளைங்க நெஞ்சுக்குள்ளதான்.

இன்னொன்றையும் நினைப்போம். நாம் கலந்து போடுவதைக் கையால் பிரிப்பவர்களில் நம்மைப் போன்ற பெண்கள்தான் நிறைய. நம்ம வீட்டுக் கண்ணாடிச் சில்லு அவங்க கையைக் கிழிச்சா, அன்னிக்குக் கூலியும் போச்சு, வைத்தியச் செலவும் வந்தாச்சு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். தோட்டக் கழிவை எந்த நாளில், எங்கே வாங்குகிறார்கள் என்று வார்டு அலுவலகத்தில் இரண்டு பேர் போய்க் கேட்டு வாருங்கள். வீட்டுக்கு இரண்டு சாக்கு கூடுதலா வேணும், அவ்வளவுதான். இந்த மாதமே தொடங்குவோம்!