கணிப்பொறிகளுக்குப் புது விலாசம்

எங்கள் எல்லைப்புறத்து மக்களுக்கு விலாசம் மாறுவது புதிய செய்தி அல்ல. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. விலாசத்தில் எழுதும் மாநிலப் பெயர் மட்டும் மாறிற்று. அதைப் போன்றதொரு மாற்றத்தை, அமரவிளையில் ஓர் அலுவலகத்தின் கணிப்பொறிகளுக்குச் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. தொழில் நடத்தும் நம் சங்க அன்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் நிறுவனம் அது. அமரவிளையில் 18 கணிப்பொறிகள். மார்த்தாண்டம் கிளையில் 7. இரண்டையும் இன்டர்நெட் வழியாக இணைக்கச் சொன்னார் முதலாளி. இணைத்தோம். ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து இங்குள்ள கணக்கைப் பார்க்க முடியவில்லை.

காரணம் இதுதான். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. நான்கு பகுதிகள் கொண்ட இந்த எண்ணில் ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மொத்தம் சுமார் 430 கோடி எண்களே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் தேதியே தீர்ந்துவிட்டது. அலுவலகத்துக்குள் மட்டும் புழங்க, 10 என்றும் 192.168 என்றும் தொடங்கும் எண்களும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம்.

வினை அங்கேதான். எங்கள் இரண்டு அலுவலகங்களிலும் 192.168.1 என்ற ஒரே வரிசை இருந்தது. இரண்டு ஊரிலும் ஒரே தெருப்பெயர், ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? மார்த்தாண்டத்துக் கணிப்பொறி, தான் தேடும் எண் தன் தெருவிலேயே இருப்பதாக நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருந்தது.

ஆகவே புது வரிசை வகுத்தோம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் பின்கோடு 695 என்றும், கன்னியாகுமரி மாவட்டத்தினது 629 என்றும் தொடங்கும். 255க்கு மேல் எழுத இயலாதாகையால் கடைசி இரண்டு இலக்கங்களை எடுத்துக்கொண்டேன். அமரவிளைக்கு 10.95.1, மார்த்தாண்டத்துக்கு 10.29.1. எண்ணைப் பார்த்ததும் ஊர் தெரியும்.

பெரும்பாலான கணிப்பொறிகள் ரவுட்டரிடம் எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைபோல் பெறுகின்றன. அந்தக் காலத்தை முன்கூட்டியே ஒரு நாளிலிருந்து அரைமணி நேரமாகக் குறைத்து வைத்தேன். சனிக்கிழமை மாலை வரிசையை மாற்றியதும் அவை தாமாகவே புது எண்ணை வாங்கிக்கொண்டன. நிலையான எண் கொண்ட சர்வரையும் பிரிண்டர்களையும் கையால் மாற்றினேன். ஞாயிறன்று நிம்மதியாக உறங்கினேன்.

திங்கள் காலை எடைபோடும் இடத்தில் பில் வரவில்லை. பில் போடும் புரோகிராமுக்குள் சர்வரின் பழைய எண்ணை யாரோ என்றோ எழுதி வைத்திருந்தார்கள். நான் தேடவில்லை, தவறு என்னுடையது. ஷீட் கொண்டுவந்த பதினைந்து பேர் காத்து நின்றார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "மக்களே, ஆஸ்பத்திரியில மகளைச் சேத்திருக்கேன், துட்டு கட்டணும்" என்றார். எனக்கு நா எழவில்லை.

முதலாளி கைப்பட பில் எழுதி அவருக்கு முதலில் பணம் கொடுத்தார். நான் கிளை இணைப்பை நிறுத்தி, ரவுட்டருக்கும் சர்வருக்கும் பழைய எண்ணை இரண்டாவது எண்ணாகத் திரும்பக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பில் வந்தது. அன்று மாலையே புரோகிராமில் எண்ணை நீக்கி, சர்வரின் பெயரை எழுதினேன். இனி எண் மாறினால் பெயருக்கு நேரே ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

அன்பர்களே, எண்ணை மாற்றுவது ஒரு மாலை வேலை. பழைய எண் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவதுதான் பெரிய வேலை. முதலில் அதைப் பட்டியலிடுங்கள். பழைய வழியைச் சில நாள் திறந்து வையுங்கள். மாற்றிய மறுநாள் காலை, கதவு திறக்கும் முன்பே ஒரு பில் போட்டுப் பாருங்கள்.