தவறு உங்களுடையது அல்ல

கதவு படாரென்று சாத்திக்கொள்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பிறகு தம் வேலையைத் தொடர்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் உடல் நடுங்குகிறது. நெஞ்சு படபடக்கிறது. அவருக்கு வயது நாற்பது. ஆனால் அந்தப் பயம் அவருக்குப் பத்து வயதிலேயே வந்தது.

சிறுவயதில் அடி, உதை, பாலியல் கொடுமை ஆகியவற்றுக்கு ஆளானவர்களில் பலருக்கு இப்படி நேர்கிறது. இரவில் தூக்கம் வருவதில்லை. திடீரென்று கோபம் வருகிறது. யாரையும் நம்ப முடிவதில்லை. "தப்பு என்மேல்தான்" என்ற எண்ணம் மனதை அரிக்கிறது.

இது பேய் பிடித்தது அல்ல. பைத்தியமும் அல்ல. ஆபத்து வந்தால் தப்பிக்க நம் உடல் தயாராகும். ஆபத்து மீண்டும் மீண்டும் வந்தால், அது போன பிறகும் உடல் பயந்தபடியே இருக்கும்.

எத்தனை பேருக்கு இந்தத் துன்பம்? 2007-ஆம் ஆண்டு மத்திய அரசு ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூவரில் இருவர் அடிபட்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களில் ஆண் குழந்தைகளும் உண்டு. அந்தக் குழந்தைகள் இன்று பெரியவர்கள்.

இவர்கள் மீள முடியுமா? முடியும் என்று கொல்கத்தா காட்டுகிறது.

சோஹினி சக்ரவர்த்தி அந்த நகரத்தைச் சேர்ந்தவர். நடனம் கற்றவர். சமூகவியல் படித்தவர். 1990-களில் அங்குள்ள புத்தகக் கண்காட்சியில் ஒரு சுவரொட்டியைப் பார்த்தார். விற்கப்பட்ட ஒரு பெண்ணின் துயரத்தை அது சொன்னது. அதை வைத்தது சன்லாப் என்ற தொண்டு நிறுவனம். சோஹினி அந்த நிறுவனத்துக்குப் போனார். மீட்கப்பட்ட பெண்களோடு நடனத்தின் வழியே பழகினார்.

ஏன் நடனம்? கொடுமை நடந்தது உடலுக்கு. அதனால் பலருக்குத் தம் உடலே வெறுப்பாகிவிடுகிறது. வாயால் சொல்ல வராத துயரமும் உண்டு. மூச்சை இழுத்து விடும்போது, கையை வீசும்போது, காலால் தரையை மிதிக்கும்போது, "இது என் உடல்" என்ற உணர்வு மெல்லத் திரும்புகிறது.

2004-ஆம் ஆண்டு 'கொல்கத்தா சன்வேத்' என்ற அமைப்பு தொடங்கியது. கொடுமையிலிருந்து மீண்ட பெண்களே இந்த முறையைக் கற்றார்கள். பிறகு மற்றவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள்.

நடனம் ஒன்றே வழி அல்ல. மனநல ஆலோசகரிடம் பேசுவது பலருக்கு உதவும். சிலருக்கு மருந்தும் தேவைப்படும்.

வீட்டில் உள்ளவர்களும் உதவலாம்.

• அவர் சொல்வதை நம்புங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.
• "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்காதீர்கள்.
• "பழசை மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள். மறக்க முடிந்தால் அவரே மறந்திருப்பார்.
• துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவர் விரும்பும்போது சொல்லட்டும்.
• சொன்னதை ஊரில் பரப்பாதீர்கள்.
• கொடுமை செய்தவர் உறவினராக இருக்கலாம். அவரோடு ஒரே பந்தியில் உட்காரும்படி வற்புறுத்தாதீர்கள்.

சாக வேண்டும் என்று பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

மத்திய அரசு 2022-இல் 'டெலி மானஸ்' என்ற மனநல உதவியைத் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

"தவறு உன்னுடையது அல்ல." சிறுவயதில் யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. இன்று நாம் சொல்வோம்.