விடால் சோதனை: எண் சொல்வதும் சொல்லாததும்

மழைக்காலம் தொடங்கியதும் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் காய்ச்சல் நோயாளிகளின் வரிசை நீள்கிறது. காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே ரத்தம் கொடுத்துவிட்டு, மாலையில் 'டைஃபாய்டு பாசிட்டிவ், 1:160' என்று அச்சிட்ட தாளுடன் வீடு திரும்புவோர் பலர். அந்த எண்ணை நம்பி ஆன்டிபயாடிக் மருந்தும் தொடங்கப்படுகிறது. ஆனால், அந்த எண் எதை அளக்கிறது என்பது நோயாளிக்குப் பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை.

ஒரு கிருமி உடலுக்குள் நுழைந்தால், அதன் மேற்பரப்பிலுள்ள கூறுகளோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களை நம் நோய்த் தடுப்பு மண்டலம் உருவாக்குகிறது. ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள் இவையே. கிருமியையே தேடிப் பிடிப்பது ஒரு வகைச் சோதனை. கிருமி வந்ததற்கு உடல் விட்டுவைத்த தடயத்தைத் தேடுவது மற்றொரு வகை. எதிர்ப்பொருள் சோதனைகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தடயம் எப்போது பதிந்தது, யாருடையது என்ற கேள்விகள் அவற்றில் எப்போதும் எஞ்சியிருக்கும்.

1896-இல் பாரிஸ் மருத்துவர் ஃபெர்னான் விடால், டைஃபாய்டு நோயாளியின் ரத்தநீரை டைஃபாய்டு கிருமிகளோடு கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதை நோயறியும் முறையாக்கினார். அவர் பெயராலேயே சோதனை இன்றும் வழங்குகிறது. ரத்தநீரை 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு எனப் படிப்படியாக நீர்த்துக்கொண்டே செல்வார்கள். எந்த நீர்ப்பு வரை திரட்சி கண்ணுக்குத் தெரிகிறதோ, அதுவே விடை. 1:160 என்றால், 160 மடங்கு நீர்த்த பிறகும் திரட்சி தெரிந்தது என்று பொருள். ஒரே ரத்தத்தை இரு முறை சோதித்தால் ஒரு படி கூடவோ குறையவோ வருவது இம்முறையில் இயல்பு. ஆகவே 1:80-க்கும் 1:160-க்கும் இடையில் பெரிய உண்மை எதுவும் ஒளிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த எண்ணைப் படிப்பதில் மூன்று சிக்கல்கள் உள்ளன. முதலாவது, காலம். அளவிடத்தக்க எதிர்ப்பொருள் உருவாக ஏறத்தாழ ஒரு வாரமாகும். இரண்டாம் நாளில் எடுத்த ரத்தம் உண்மையான டைஃபாய்டையும் தவறவிடக்கூடும். இரண்டாவது, பழைய நினைவு. டைஃபாய்டு பரவலாக உள்ள நம் நாட்டில், முன்பு தொற்று கண்டவர்களின் ரத்தத்தில் உடல்நலத்தோடு இருக்கும்போதே ஓரளவு எதிர்ப்பொருள் இருக்கும். மூன்றாவது, உறவுக் கிருமிகள். சால்மோனெல்லா குடும்பத்தின் பிற கிருமிகளும், மலேரியா போன்ற வேறு காய்ச்சல்களும்கூட இச்சோதனையில் திரட்சியை உண்டாக்கலாம்.

அதனால்தான், 10 முதல் 14 நாள் இடைவெளியில் இருமுறை ரத்தம் எடுத்து, எண் நான்கு மடங்கு உயர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும் என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. 1:40 என்பது 1:160 ஆனால் அதற்குப் பொருளுண்டு. ஒற்றை எண்ணுக்கு அந்த வலு இல்லை. நடைமுறையிலோ இரண்டாவது ரத்தம் எடுக்கப்படுவதே அரிது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காய்ச்சலோடு வரும் 200 பேரில் 10 பேருக்கே டைஃபாய்டு என்று வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் 8 பேரைச் சரியாகக் கண்டறிகிறது. டைஃபாய்டு இல்லாத 190 பேரில் பத்தில் ஒருவருக்குத் தவறாக 'பாசிட்டிவ்' காட்டுகிறது. அப்படியானால் தவறான முடிவு பெற்றவர்கள் 19 பேர். 'பாசிட்டிவ்' தாளோடு செல்லும் 27 பேரில் 8 பேருக்கு மட்டுமே அந்நோய் உண்டு.

எஞ்சிய 19 பேருக்கு நேர்வதுதான் கவலைக்குரியது. தேவையற்ற ஆன்டிபயாடிக் செலவு ஒருபுறம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவது மறுபுறம். அவற்றைவிட உடனடி ஆபத்து, உண்மையான நோய் மறைந்துபோவது. தமிழகத்தில் காணப்படும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் நன்கு பயன்தரும். டைஃபாய்டுக்குப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி பயன்தராது. தவறான பெயர் சூட்டப்பட்ட காய்ச்சலில் இழக்கப்படும் நாட்கள் உயிருக்கே விலையாகலாம்.

எதிர்ப்பொருளை அளப்பதே வீண் என்று இதற்குப் பொருளல்ல. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பொருள் லிட்டருக்கு 10 சர்வதேச அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பது உலகம் ஏற்ற அளவுகோல். டெங்குவில் முதல் ஐந்து நாட்களுக்கு வைரஸின் என்எஸ்1 புரதத்தையும், அதன் பின்னர் ஐஜிஎம் எதிர்ப்பொருளையும் தேடுவது பயன்தருகிறது. எச்ஐவி தொற்றை ஒரே சோதனையால் முடிவு செய்யாமல், வெவ்வேறு சோதனைகளால் உறுதிசெய்கிறார்கள். கேள்வியும் காலமும் பொருந்தும் இடத்தில் எண் பேசுகிறது.

டைஃபாய்டைப் பொறுத்தவரை நம்பத்தக்க வழி, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர். அது எல்லா நோயாளிகளையும் கண்டுபிடிப்பதில்லை, முடிவு வரச் சில நாட்களாகும், செலவும் கூடுதல். ஆனால் கிருமி வளர்ந்துவிட்டால் நோய் உறுதி. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் தெரிந்துவிடும். இவ்வசதியை வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கும் எட்டச் செய்வது அரசின் கடமை. ஒற்றை விடால் முடிவின் கீழ் அதன் வரம்பையும் அச்சிடுவது ஆய்வகங்களின் பொறுப்பு. 'காய்ச்சல் கண்டு எத்தனை நாள் ஆகிறது, இந்த நாளில் இச்சோதனை பேசுமா?' என்று மருத்துவரைக் கேட்பது நம் உரிமை.