கிருமிக்கு எந்த மருந்து? கம்ப்யூட்டர் சொல்லுமா?

பாம்பன் கடலில் வலை இழுக்கும் மீனவர் ஒருவருக்குக் காலில் திருக்கை முள் குத்திவிடுகிறது என்று வைத்துக் கொள்வோம். "சின்னக் காயம்தானே" என்று அவர் விட்டுவிடுகிறார். மூன்றாம் நாள் கால் வீங்குகிறது. குளிர் காய்ச்சல் அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. பேச்சுத் தடுமாறுகிறது. கிருமி இரத்தத்தில் கலந்திருப்பதற்கான அறிகுறிகள் இவை!

கடல் நீரில் வாழும் விப்ரியோ கிருமியாக இருக்கலாம். தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமியாகவும் இருக்கலாம். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றைக் கொல்லாமல் போகலாம். டாக்டர் எதைக் கொடுப்பார்?

காத்திருக்க நேரமில்லை

கிருமியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரத்தம் எடுத்து, சத்து நீர் உள்ள புட்டியில் விட்டு, உடம்புச் சூட்டில் வைப்பார்கள். இதற்கு 'பிளட் கல்ச்சர்' என்று பெயர். கிருமி வளர்ந்து, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிய இரண்டு, மூன்று நாட்கள் ஆகும். நோயாளி அதுவரை தாங்குவாரா? ஆகவே, டாக்டர் ஊகத்தின் பேரில் மருந்தைத் தொடங்குகிறார்.

ஊகம் தவறினால் உயிருக்கு ஆபத்து. எல்லோருக்கும் கடுமையான மருந்தையே கொடுத்தாலோ, கிருமிகள் அதையும் வெல்லப் பழகிவிடும். கடைசி மருந்துகளையே எதிர்க்கும் 'என்.டி.எம்.1' கிருமிகள் சென்னையிலும் இருப்பதை 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. 2012-ல் மருத்துவ நிபுணர்கள் சென்னையில் கூடி, கட்டுப்பாடு தேவை என்று பிரகடனம் செய்தார்கள்.

பழைய யோசனை

இந்த ஊகத்துக்குக் கம்ப்யூட்டர் உதவுமா? யோசனை புதிதல்ல. 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிப் என்பவர் 'மைசின்' என்ற கம்ப்யூட்டர் திட்டத்தை உருவாக்கினார். அது டாக்டரைக் கேள்வி மேல் கேள்வி கேட்கும். பிறகு, இரத்தத்தில் உள்ள கிருமி எதுவாக இருக்கும், என்ன மருந்து, எவ்வளவு என்று சொல்லும்.

1979-ல் ஒரு சோதனை வெளியாயிற்று. மூளைக்காய்ச்சல் நோயாளிகள் 10 பேருக்கு மைசின் சொன்ன மருந்தையும், டாக்டர்கள் சொன்ன மருந்தையும், யார் சொன்னது என்று தெரிவிக்காமல் 8 நிபுணர்களிடம் காட்டினார்கள். மைசினுக்கு 65 சதவிகித ஒப்புதல். ஸ்டான்போர்டு பேராசிரியர்களில் மிக அதிகம் பெற்றவருக்கும் 62.5 சதவிகிதம்தான்! ஆனாலும் மைசின் ஆஸ்பத்திரிகளில் நடைமுறைக்கு வரவில்லை.

ஊருக்கு ஊர் வேறு

மைசினுக்கு விதிகளை மனிதர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய செயற்கை அறிவோ பழைய நோயாளிகளின் பதிவுகளைப் படித்துத் தானே கற்கிறது. சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் 3 லட்சத்துக்கு மேற்பட்ட கிருமிப் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். கிருமியின் புரதங்களை லேசரால் அளந்தெடுத்த பதிவுகள் அவை. மருந்துச் சோதனை முடியும் முன்பே, எந்த மருந்து பலிக்காது என்று கம்ப்யூட்டர் ஊகித்தது. 2022-ல் இது வெளியாயிற்று.

ஆனால் ஒரு ஆஸ்பத்திரியில் கற்றதை வேறு ஆஸ்பத்திரியில் சோதித்தபோது, ஊகத்தின் திறன் குறைந்தது. ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி! அங்கே கற்றது இராமநாதபுரத்துக்கு அப்படியே பொருந்துமா? இங்குள்ள கிருமிகள் வேறு. மக்கள் சாப்பிட்டு வந்த மருந்துகளும் வேறு.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 புதிய மருத்துவக் கல்லூரிகளில் இராமநாதபுரமும் ஒன்று. இந்தக் கரையோர நோயாளிகளின் கல்ச்சர் முடிவுகள் ஒன்று விடாமல் பதிவானால்தான், நாளை எந்தக் கம்ப்யூட்டரும் இவர்களுக்குச் சரியான மருந்தைச் சொல்ல முடியும்.

மக்களுக்கும் இதில் பங்கு உண்டு. கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால், புட்டியில் கிருமி வளராமல் போகலாம். கிருமி தெரியாது, பதிவும் கிடைக்காது. காயம் பட்டுக் காய்ச்சல் வந்தால், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டிருந்தால், அதன் பெயரை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.