புற்றுநோய்க்கே நாமம் போட்ட டிராபிக் ஏட்டு!
நெற்றித் தோலில் புது மூக்கு முளைத்த கதை

மூக்கில் வந்த புற்றுநோயை ஆபரேஷன் செய்து எடுத்த டாக்டர்கள், நெற்றித் தோலை இறக்கி போலீஸ் ஏட்டு ஒருவருக்குப் புது மூக்கு அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூக்கு திரும்பக் கிடைத்த ஏட்டு, சிரிப்பும் கும்பிடுமாக வடசென்னையைச் சுற்றி வருகிறார்.

அவருக்கு வயது 63. டிராபிக் பிரிவில் 28 வருடம். மின்ட், பாரிமுனை என்று நடுரோட்டு வெயிலில் நின்றே ஓய்வு பெற்றவர். பெயர் மட்டும் வேண்டாம் என்கிறார்.

"பேப்பர்ல பேர் வந்தா, என்கிட்ட பைன் கட்டினவன் எல்லாம் மூக்கைப் பார்க்க வீட்டுக்கே வந்துடுவான்" என்பது அவர் சொல்லும் காரணம்.

கண்டுபிடித்தவர் சலூன்காரர்

மூக்கின் இடது பக்கம் மிளகு அளவில் ஒரு கறுப்புப் பரு. வலி இல்லை, அரிப்பு இல்லை. பொருக்குத் தட்டும், உதிரும், லேசாக ரத்தம் கசியும். ஆறின மாதிரி இருக்கும், மறுபடி கசியும். இப்படியே 2 வருடம் ஓடியது. மரு என்று நினைத்து சுண்ணாம்பு வைத்தார். மஞ்சளும் பூசினார்.

முதலில் சந்தேகப்பட்டவர், ஷேவிங் செய்யும் சலூன்காரர்தான். "கத்தியே படலை, ரத்தம் வருது. போன மாசமும் இப்படித்தான் வந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டாம இனிமே என் நாற்காலியில உட்காராதீங்க ஏட்டையா" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்து டெஸ்ட் செய்தார்கள். தோல் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது.

"அன்னிக்கு ராத்திரி வீட்ல அடுப்பு எரியலை. சம்சாரம் தாலியைக் கண்ணுல ஒத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா. நான் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்" என்றார் ஏட்டு.

அவருக்கு வந்தது 'பேசல் செல் கார்சினோமா' என்ற வகை. வெயில் அதிகம் படும் முகத்தில், முக்கியமாக மூக்கில் வரும். உடம்பின் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கிற இடத்தை விடாது. கண்டுகொள்ளாமல் விட்டால் குருத்தெலும்பு, எலும்பு வரை அரித்துத் தின்றுவிடும். ஏட்டுக்கு இடது பக்க மூக்குத் தோலோடு சிறிது குருத்தெலும்பையும் எடுக்க வேண்டியதாயிற்று.

3 வாரம் 'தும்பிக்கை'

பள்ளமான இடத்தை மூட நெற்றித் தோல் கை கொடுத்தது. தோலை முழுசாக வெட்டி எடுப்பதில்லை. புருவத்தின் பக்கம் ஒட்டியிருக்கும்படி விட்டு, அப்படியே திருப்பி மூக்கில் வைத்துத் தைத்தார்கள். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை சுமார் 3 வாரம், புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே சதைப் பாலம் தொங்கும். பிறகு அதை வெட்டி விடுவார்கள்.

"கண்ணாடி பார்க்கவே பயமா இருந்தது. என் பேத்திதான் 'பிள்ளையார் தாத்தா'ன்னு கூப்பிட்டு, எதிர்ல ஒரு கொழுக்கட்டை வெச்சு கும்பிட்டா. அன்னிக்குத்தான் முதல்ல சிரிச்சேன்" என்கிறார்.

இன்னொரு வேடிக்கை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் நெற்றியில் ஊர்கிற மாதிரி இருந்ததாம். நெற்றித் தோலின் நரம்பு பழைய விலாசத்துக்கே தகவல் அனுப்பியதுதான் காரணம். நெற்றியைத் தட்டித் தட்டி ஏமாந்திருக்கிறார்.

தோல் எடுத்த இடத்தில் இப்போது நெட்டுக்குத்தாக ஒரு தழும்பு. "எத்தனையோ பேர் எனக்கு நாமம் போட்டிருக்காங்க. நான் கேன்சருக்கே போட்டுட்டேன்!" என்று நெற்றியைக் காட்டுகிறார்.

திப்பு காலத்து வைத்தியம்

இந்த வைத்தியம் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. 1792-ல் மைசூர் போரில், ஆங்கிலேயர் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி விட்டார்கள். பிறகு புனே பக்கத்து நாட்டு வைத்தியர் ஒருவர், நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு கட்டினார். 1794-ல் லண்டன் பத்திரிகையில் அந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் பார்த்துக் கற்ற கார்ப்யூ என்ற ஆங்கில டாக்டர், 1814-ல் லண்டனில் இதே ஆபரேஷனைச் செய்தார்.

இந்த வகைப் புற்றுநோய் பெரிய மனிதர்களையும் விடவில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரீகனுக்கு 1985-லும் 1987-லும் மூக்கில் ஆபரேஷன் நடந்தது. நடிகர் ஹ்யூ ஜாக்மேன், மனைவி சொன்னதால் டாக்டரிடம் போய், 2013-ல் மூக்கில் பிளாஸ்திரியோடு படம் வெளியிட்டார்.

"சிவப்பு விளக்கு"

நன்றி சொல்ல ஏட்டு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். டாக்டர்கள், ராத்திரி கட்டு நனைந்தபோது முகம் சுளிக்காமல் மாற்றிய நர்ஸ், எல்லோருக்கும் மேலாக சலூன்காரர். முடி முளைக்கும் இடத்துத் தோலும் கொஞ்சம் சேர்ந்து இறங்கிவிட்டதால், புது மூக்கில் நாலு முடி முளைக்கிறது. அதையும் அவரே ஷேவ் செய்கிறார். மூக்குக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை!

"ரத்தம் கசிஞ்சதுதான் சிவப்பு விளக்கு. 2 வருஷம் நிக்காம போனேன். அதுக்கு மூக்கை பைனா கட்டினேன்" என்றார் ஏட்டு.

கறுத்த தோல்காரர்களுக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் வரவே வராது என்பது தவறு. சில வாரமாகியும் ஆறாத புண், திரும்பத் திரும்ப ரத்தம் கசியும் பரு, அளவோ நிறமோ மாறும் மச்சம் இவற்றை டாக்டரிடம் காட்ட வேண்டும். உள்ளங்கால், நகத்தடியில் புதிதாக வரும் கறுப்புத் திட்டும் அப்படித்தான்.

டீக்கடையில் யார் முகத்தில் பரு தெரிந்தாலும் ஏட்டு இப்போது விடுவதில்லை. இதுவரை 2 பேரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கிறார். ஒருவருக்கு வெறும் மரு. இன்னொருவருக்கு சதை டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.